மொழி என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கேட்டவர் செட்டிநாட்டில் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். கேள்வி இதுதான்: “எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்திலிருந்தே ‘பாஷை’ என்றுதான் பேச்சு. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் ‘மொழி’ என்று இருக்கிறது. பாஷைதான் பழைய சொல், மொழி என்பது தனித்தமிழ்க்காரர்கள் பிற்பாடு உண்டாக்கியது என்று எங்கள் அம்மான் ஒரு கல்யாணப் பந்தியில் அடித்துச் சொன்னார். உண்மையா? மொழி என்றால் நேர்ப்பொருள் என்ன? மனிதன் பேசுவதற்கு மட்டும்தான் அந்தச் சொல்லா?”

முதலில் அம்மானுக்குப் பதில் சொல்லிவிடலாம். அவர் சொன்னதில் பாதி சரி. நூறு வருஷத்துக்கு முன்னால் படித்தவர், படிக்காதவர் எல்லாருடைய வாயிலும் பாஷைதான் அதிகம் புழங்கியது. பாரதியாரையே எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டில் மொழி என்பார், கட்டுரையில் சரளமாகப் பாஷை என்று எழுதுவார். 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய பிறகுதான் பத்திரிகையிலும் பாடப் புத்தகத்திலும் மொழி மேலே வந்து பாஷை கீழே இறங்கியது. ஆனால் இருந்த சொல்லை மேலே தூக்குவது வேறு, இல்லாத சொல்லை உண்டாக்குவது வேறு. மொழி சங்க இலக்கியத்தில் இருக்கிறது, தொல்காப்பியத்தில் இருக்கிறது. பழசு எது என்று கேட்டால் மொழிதான், அதில் வழக்கே இல்லை.

இனிமேல்தான் சுவாரசியம். அந்தப் பழைய நூல்களில் மொழி என்று வரும் இடத்திலெல்லாம் இன்றைய பொருளை வைத்துப் படித்தால் தடுக்கி விழுவோம். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் இரண்டாம் இயலுக்கு மொழிமரபு என்று பெயர். பெயரைப் பார்த்துத் தமிழ்மொழியின் வரலாறு ஏதோ சொல்லப்போகிறார் என்று புரட்டினால் ஏமாற்றம்தான். ‘ஓரெழுத் தொருமொழி ஈரெழுத் தொருமொழி இரண்டிறந் திசைக்கும் தொடர்மொழி உளப்பட மூன்றே மொழிநிலை’ என்று போகிறது சூத்திரம். ஆ, தீ போல ஓரெழுத்தில் அமைவது, அணி, மணி போல ஈரெழுத்தில் அமைவது, இரண்டுக்கு மேற்பட்ட எழுத்துகளால் அமைவது என்று மூன்று வகை. ஆக இங்கே மொழி என்றால் தனிச்சொல். பள்ளியில் ‘ஓரெழுத்து ஒருமொழி’ என்று நாம் உருப்போட்டோமே, அதில் இருப்பது அந்தப் பழைய பொருள்தான். ‘ஒருமொழி’ என்றால் ஒரு சொல். அதைத் தமிழ், தெலுங்கு மாதிரியான ஒரு மொழி என்று எந்தப் பிள்ளையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஏன் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

நன்னூலிலும் அதே கதை. ‘மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி எழுத்து’ என்கிறார் பவணந்தி முனிவர். சொல்லுக்கு முதற்காரணமாக இருக்கும், அணுக்கள் திரண்ட ஒலியே எழுத்து என்பது பொருள். ஆனால் சொல்லின் அமைப்பைப் பேச ஒரு தனி இயல் வைத்தபோது அதற்குப் பதவியல் என்று வடசொல்லில் பெயர் சூட்டினார். தொல்காப்பியருக்கு மொழிமரபு, பவணந்தியாருக்குப் பதவியல். நடுவில் கடந்துபோன நூற்றாண்டுகளில் தமிழுக்கு வந்த புதுப் பழக்கம் அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது.

குறளில் ‘நிறைமொழி மாந்தர்’ என்று வருகிறது. சொன்ன சொல் பலிக்கிற பெரியவர்கள் என்பது பொருள். ‘கடுமொழி’ என்றால் சுடுசொல். ‘பணிமொழி’ என்றால் பணிவாக, மென்மையாகப் பேசுகிற பெண். எல்லாமே சொல்லும் பேச்சும்தான். பழமொழி, உறுதிமொழி என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அவற்றிலும் மொழிக்குச் சொல், வாக்கு என்றுதான் அர்த்தம். பழமொழி என்றால் பழைய பாஷை என்று யாருக்கும் தோன்றாது.

மலையாளத்துக்காரர்கள் அந்தப் பழம்பொருளை அப்படியே வைத்திருக்கிறார்கள். அங்கே பேசும் மொழிக்குப் பாஷை என்றுதான் பெயர். மொழி என்றால் வாக்குமூலம். சாட்சி கோர்ட்டில் ‘மொழி கொடுத்தார்’ என்று அவர்கள் செய்தித்தாள் எழுதும். முஸ்லிம்களின் தலாக்குக்கு ‘மொழி சொல்லுதல்’ என்பார்கள். வாய்விட்டு, பொறுப்போடு, மாற்ற முடியாதபடி சொன்ன சொல் என்ற கனம் அதில் இருக்கிறது. நம் பக்கம் அந்தக் கனம் இன்னும் ஒரே ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறது. கோயில் கூட்டத்திலோ சங்கக் கூட்டத்திலோ ஒருவர் எழுந்து ‘முன்மொழிகிறேன்’ என்பார், இன்னொருவர் ‘வழிமொழிகிறேன்’ என்பார். அந்த ஐந்து நிமிஷம் மட்டும் ‘மொழிதல்’ என்ற வினை வாயில் வருகிறது. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் அவர் என்ன மொழிந்தார் என்று எவரும் கேட்க மாட்டோம். என்ன சொன்னார் என்றுதான் கேட்போம். வினை பேச்சிலிருந்து போய்விட்டது, பெயர் மட்டும் ஓங்கி நிற்கிறது.

சரி, சொல் என்ற பொருளிலிருந்து இன்றைய பொருள் எப்படி வந்தது? எனக்குத் தெரிந்து இதற்கு நல்ல தடயம் தருவது குறுந்தொகை 11-ஆம் பாட்டு. மாமூலனார் பாடியது. தலைவன் பொருள் தேடிப் போய்விட்டான். வளை கழன்று விழ, தூக்கம் இல்லாமல் அழுதுகொண்டு இங்கேயே கிடப்பதற்குப் பதில் எழுந்திரு நெஞ்சே, அவர் இருக்கும் நாட்டுக்கே போவோம் என்கிறாள் தலைவி. எங்கே இருக்கிறார்? வடுகர் எல்லைக்கும் கட்டி என்பவனுடைய நல்ல நாட்டுக்கும் அப்பால், ‘மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்’ பரவாயில்லை. பெயர்தல் என்றால் இடம் மாறுதல். மொழி மாறிப்போகும் தேயம். அகநானூற்றுப் பாலைப் பாட்டுகளிலும் இந்தத் தொடர் அடிபடுகிறது. இங்கே மொழி என்பதற்குத் தனிச்சொல் என்று பொருள் கொள்ள முடியாது. அந்தப் பக்கத்து ஆட்கள் பேசுவது மொத்தமும் வேறு என்பதுதான் செய்தி.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த ஊரிலேயே இருப்பவனுக்கு ‘ஒரு மொழி’ என்று தனியாக ஒன்றைச் சுட்டத் தேவை இல்லை. அவனுக்கு இருப்பது பேச்சு, சொல், அவ்வளவுதான். எல்லை தாண்டிப் போய், நாம் சொல்வது அவனுக்கும் அவன் சொல்வது நமக்கும் விளங்காமல் நிற்கும்போதுதான், ‘இவன் மொழி வேறு’ என்று சொல்ல ஒரு சொல் வேண்டியிருக்கிறது. அப்போது கையில் இருந்த ‘மொழி’யை, அதாவது ஒருவன் வாயிலிருந்து வரும் சொல் என்பதை, ஒரு நாட்டார் பேச்சு முழுவதற்குமாக நீட்டிக்கொண்டார்கள். இந்தப் பொருளை நம் இலக்கியத்தில் பொருள்தேடிப் போன கணவன்மார்களின் பாட்டிலும் துறைமுகத்துப் பாட்டிலும் பளிச்சென்று பார்ப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

துறைமுகம் என்றேனே, அது பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும்போது கடியலூர் உருத்திரங்கண்ணனார், ‘மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்’ ஊர் என்கிறார். பல மொழி பேசும் நாடுகளிலிருந்து பெயர்ந்து வந்தவர்கள் கலந்து இனிதாக இருக்கும் பட்டினம். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், தங்கள் முன்னோர் அந்தக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிநாட்டுக்கு வந்து இளையாத்தங்குடி முதலான ஒன்பது கோயில்களை மையமாக வைத்துக் குடியேறியதாகச் சொல்வார்கள். அது அவர்கள் மரபு. அந்த மரபை ஏற்றுக்கொண்டால், ‘மொழிபல பெருகிய’ என்ற அடி நம் பக்கத்து வீடுகளுக்குச் சொந்தக் கதை.

அப்புறம் அவர்களே மொழிபெயர் தேயத்துக்குப் போனார்கள். ரங்கூன் முகல் தெரு, சிங்கப்பூர் மார்க்கெட் தெரு, பினாங்கு, சைகோன் என்று கிட்டங்கி வைத்தார்கள், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக நடக்கும் கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஆட்கள். கணக்குக்கு, அதாவது அந்தக் கடை வேலைக்கு, போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள். வளவுக்குள் இருந்த பெண்கள் காத்திருந்த காலத்தில் மாமூலனார் பாட்டைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் அவர்கள் வாழ்க்கை. மேலைச்சிவபுரியில் பிறந்து பிற்காலத்தில் தமிழறிஞராகவும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய வ.சுப. மாணிக்கம், சிறு வயதில் ரங்கூனில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். பொய் சொல்லச் சொன்னபோது மாட்டேன் என்று மறுத்து அந்த வேலையை விட்டவர் என்று இன்றும் பேசுவார்கள். ‘வாய்மை’ என்ற சொல்லுக்குள் வாய் இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

இப்போது பாஷைக்கு வருவோம். வடமொழியில் பாஷ் என்றால் பேசுதல். அதிலிருந்து பாஷா. அதுவும் பேச்சிலிருந்து பிறந்த பெயர்தான், நம் மொழியைப் போலவே. தமிழுக்குள் வரும்போது அது எப்படி உருமாற வேண்டும் என்று நன்னூல் விதி சொல்கிறது: ஆகார ஈறு ஐ ஆகும், ஷ என்ற எழுத்து சொல்லின் இடையில் ட ஆகும். அந்தக் கணக்குப்படி பாஷா என்பது பாடை. விஷம் விடம் ஆனது மாதிரி. இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. ‘பண்டிதர் ஆவார் பதினெட்டுப் பாடையும் கண்டவர் கூறும் கருத்தறி வார்’ என்பது திருமூலர் வாக்கு. கம்பர் பாயிரத்தில் ‘தேவபாடையின் இக்கதை செய்தவர் மூவர்’ என்று சமஸ்கிருதத்தைச் சொல்கிறார். காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழாவுக்குத் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் குடும்பங்களுக்கு அந்தப் பாட்டு பழக்கமானதுதான். ஆனால் தமிழில் பாடை என்றால் பிணத்தைத் தூக்கிப்போகும் பாடையும் உண்டே. நல்ல நாளில் வீட்டில் அந்தச் சொல்லை எடுக்க யார் துணிவார்கள்? பேச்சில் பாடை நிலைக்காமல் பாஷை நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வேடிக்கைக்காகச் சொல்கிறேன், யாரும் இதை மேற்கோள் காட்ட வேண்டாம்.

வடமொழியும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில் சண்டை இல்லாமல் இருந்தன என்பதற்கு அப்பர் சாட்சி. ‘வடமொழியும் தென்தமிழும் மறைகள் நான்கும் ஆனவன்காண்’ என்று ஏழாம் நூற்றாண்டில் பாடுகிறார். வடமொழி என்ற பெயரிலேயே மொழிக்கு இன்றைய பொருள் உறுதியாக உட்கார்ந்துவிட்டது. தனித்தமிழ் இயக்கத்துக்கு ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வருஷம் முன்னால். அம்மானிடம் இந்த ஓர் அடியைச் சொன்னாலே போதும். பந்தியில் பாயசம் வருவதற்குள் வழக்கு முடிந்துவிடும்.

பாஷையும் மொழிபெயர் தேயத்துக்குப் போன சொல்தான். மலாய்க்காரர்கள் மொழிக்கு ‘பஹாசா’ என்கிறார்கள். தாய்லாந்தில் ‘பாசா’. பர்மியர்களுக்குப் பாலி வழியாக வந்து ‘பாதா’ என்று ஒலிக்கிறது; அவர்களிடம் அதற்கு மொழி என்றும் அர்த்தம், மதம் என்றும் அர்த்தம். சிங்களத்தில் ‘பாஷாவ’. நம் ஆட்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறியபோது மொழி என்ற சொல்லுக்கு அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. பாஷைக்குத் துறைமுகம் தோறும் இருந்தார்கள். ஊரில் அப்பத்தாக்கள் வாயில் பாஷை அவ்வளவு இயல்பாக வருவதற்கு இதுவும் கொஞ்சம் தெம்பு கொடுத்திருக்கலாம். சைகோன் மட்டும் விலக்கு. வியட்நாமியர்கள் மொழிக்குச் சொல்லும் ‘தியெங்’ என்பதற்கு ஒலி, குரல் என்று மூலப்பொருள்.

வேறு பல நாட்டார் நாக்கைப் பிடித்துக்கொண்டார்கள். லத்தீனில் ‘லிங்குவா’ என்றால் நாக்கு, மொழி இரண்டும். அந்த வேரிலிருந்து வந்ததுதான் ஆங்கிலத்தின் ‘லாங்குவேஜ்’. அரபியில் ‘லிசான்’, பாரசீகத்திலும் உருதுவிலும் ‘ஜபான்’, எல்லாம் நாக்குத்தான். தமிழில் நாவலர் உண்டு, நாவன்மை உண்டு, சொன்ன சொல் தவறியவனை ‘நாக்கு மாறிட்டான்’ என்று ஏசுவதும் உண்டு. ஆனால் நா என்பது மொழிக்குப் பெயராகவில்லை. தொல்காப்பியர் பிறப்பியலில் கணக்குப் போடுவதைப் பார்த்தால் நாக்குக்கு அவ்வளவு தனி மரியாதை ஏன் இல்லை என்று புரியும். உந்தியிலிருந்து காற்று எழும்புகிறது. தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்று இடங்களில் நிற்கிறது. பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று ஐந்தும் சேர எட்டு உறுப்புகள் வேலை செய்துதான் எழுத்து பிறக்கிறது. அந்த எட்டில் நா ஒன்று.

இனி வேர். மொழி என்ற சொல் தமிழ்தானா, கடன்பட்டதா? இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், சொல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். முதலெழுத்தில் குறில் ஒகரம், நடுவில் ழகரம். சமஸ்கிருதத்தில் இரண்டுமே கிடையாது. அடுத்து, அது வினையாகவும் நிற்கிறது: மொழி, மொழிந்தான், மொழிவான். ஒழி, ஒழிந்தான், ஒழிவான். பொழி, பொழிந்தான், பொழிவான் என்பவற்றோடு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. வினையின் முதனிலையே திரியாமல் பெயராகவும் வருவதை முதனிலைத் தொழிற்பெயர் என்பார்கள். உரை, இசை, அடி எல்லாம் அந்த ரகம். மலையாளத்திலும் அதே சொல் இருக்கிறது. வீட்டுச் சொல்தான், ஐயம் வேண்டாம்.

அந்த வேருக்கும் முந்திய வேர் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நம் பக்கம் அடிக்கடி கேட்கும் கதை ஒன்று. விரல் கணுவுக்கும் மூட்டுப் பொருத்துக்கும் மொழி என்று ஒரு பெயர் உண்டு. கரும்பு, மூங்கில் கணுவையும் அப்படிச் சொல்வார்கள். பேச்சில் ‘மொளி’. எலும்பை எலும்போடு சேர்ப்பது மொழி, ஆளை ஆளோடு சேர்ப்பதும் மொழி, ஆகவே இரண்டும் ஒன்று என்று மேடையில் முழங்கினால் கைதட்டு நிச்சயம். முழங்கு, முழவு, மொழி மூன்றையும் ஒரே கூட்டமாகக் கட்டுபவர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு வந்துவிடாது. தொல்காப்பியர் உரியியலில், ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம் பளிச்சென்று தெரியாது. அந்த வரியிலும் மொழி என்றால் சொல் என்பதைக் கவனியுங்கள்.

வேரைத் தோண்டுவதைவிட, பக்கத்தில் முளைத்த மற்றச் சொற்களைப் பார்ப்பது லாபம். பழந்தமிழில் ‘சொல்லுதல்’ என்பதற்கு எத்தனை வினை! மொழி, கூறு, கிள, செப்பு, பறை, அறை, நுவல், நவில், இயம்பு, விளம்பு, பகர், நொடி, உரை, இசை, பேசு. அண்ணன் தம்பி பாகப் பிரிவினை மாதிரி இவை பின்னாளில் வீடு வீடாகப் பிரிந்தன. தெலுங்குக்காரர் செப்பு என்பதை எடுத்துக்கொண்டார். நமக்கு அது கண்ணகியின் ‘தேரா மன்னா செப்புவ துடையேன்’ என்பதோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. மலையாளிக்குப் ‘பறை’ அன்றாடச் சொல். கன்னடத்தில் ‘நுடி’ என்றால் சொல், பேச்சு, மொழி எல்லாம். நம் நொடிக்கு உறவு. நம்மிடம் நொடி என்றால் பேசுதல் என்ற பொருளைப் புலவர்தான் அறிவார்; விடுகதைக்கு நொடி என்று பெயர் இருந்ததில் அந்தப் பழம்பொருள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழன் பங்குக்குச் சொல்லும் பேச்சும் வந்தன.

இதில் ஒரு சொல்லைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிள்ளையார்பட்டியிலோ வைரவன்கோயிலிலோ சிவபுராணம் ஓதும்போது ‘மாற்றம் மனங்கழிய நின்ற மறையோனே’ என்று வரும். பலரும் அங்கே மாற்றம் என்றால் மாறுதல் என்றே நினைத்து ஓதுகிறார்கள். இல்லை. மாற்றம் என்றால் சொல். சொல்லுக்கும் மனத்துக்கும் எட்டாமல் கடந்து நின்றவனே என்று மாணிக்கவாசகர் பாடுகிறார். தெலுங்கில் ‘மாட்ட’, கன்னடத்தில் ‘மாத்து’ என்று பேச்சுக்குச் சொல்கிறார்களே, அவை இதன் கூடப் பிறந்தவை. பொருள் தெரிந்து ஒருமுறை ஓதிப் பாருங்கள், அந்த அடியே வேறு மாதிரி கேட்கும்.

கிளவி என்ற சொல்லின் கதி பரிதாபம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலே கிளவியாக்கம். கிளத்தல் என்றால் தெளிவாக எடுத்துச் சொல்லுதல். கிளவி என்றால் சொல். அழகான சொல். ஆனால் ழகரத்தை ளகரமாகப் பேசுகிற நம் பக்கத்து வகுப்பறையில் ‘கிளவியாக்கம்’ என்று ஆசிரியர் சொன்னவுடன் பின்பெஞ்சில் யாருடைய அப்பத்தா என்று ஒரு குரல் வரத்தான் செய்யும். வார்த்தை வேறு விதம். வடமொழியில் அதற்குச் செய்தி என்று பொருள், மலையாளத்தில் இன்றும் அப்படியே. நாம் அதைச் சொல் என்று ஆக்கிக்கொண்டோம்.

செட்டிநாட்டில் இசை என்ற சொல்லுக்கு ஒரு தனி வாழ்க்கை இருக்கிறது. ‘இரண்டிறந் திசைக்கும்’ என்ற சூத்திரத்தில் இசைத்தல் ஒலித்தல் ஆகிறது. இசைதல் என்றால் உடன்படுதல். நகரத்தார் கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக் கையெழுத்திடும் ஏட்டுக்கு இசைகுடிமானம் என்று பெயர். இசைபிடிமானம் என்றும் சொல்வார்கள். சம்பந்தம் பேசுவது வாய்ப் பேச்சு, அது எழுத்தில் ஏறி இசைவு ஆகிறது. தமிழில் பேச்சுக்கு இருக்கும் மரியாதையை நான் அந்த ஏட்டில் பார்க்கிறேன்.

ஒரு மொழிக்குள்ளேயே ஊருக்கு ஊர் பேச்சு மாறுவதையும் பழைய இலக்கணக்காரர்கள் ஒதுக்கிவிடவில்லை. செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்திலும் தத்தம் குறிப்பில் வழங்குபவை திசைச்சொல் என்றார் தொல்காப்பியர். உரைகாரர்கள் அதற்குக் காட்டும் உதாரணங்களில் ஒன்று, தாயைத் ‘தள்ளை’ என்பார்கள் குட்டநாட்டார் என்பது. அந்த உரைகாரர்கள் இன்று வந்து நம் வளவில் உட்கார்ந்தால் ஏடு போதாது. அப்பாவுக்கு அப்பச்சி, அம்மாவுக்கு ஆத்தா, தாத்தாவுக்கு ஐயா, அம்மாவைப் பெற்றவளுக்கு ஆயா, அண்ணன் மனைவிக்கு அண்ணமிண்டி. இதில் ஆயாவைச் சொல்லும்போது கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். போர்த்துக்கீசியச் சொல் வழியாக ஆங்கிலேயர் வீட்டுக்குள் வந்த இன்னோர் ஆயா இருக்கிறாள், குழந்தை பார்க்கும் வேலைக்காரி. பட்டணத்துப் பள்ளியில் சேர்ந்த நம் ஊர்ப் பிள்ளை ‘எங்கள் ஆயா வைரத்தோடு போட்டிருக்கும்’ என்று சொன்னால் கேட்கிறவர் விழிக்கத்தான் செய்வார்.

கடைசிக் கேள்வி, மனிதனுக்கு மட்டுமா என்பது. தமிழ் மரபு இதில் கறாரானது. குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், பாம்பு சீறும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் வினை. எதுவும் மொழியாது. கிளிக்கு மட்டும் கொஞ்சம் சலுகை, அது மிழற்றும். மழலை பேசும் குழந்தைக்கும் அதே சொல்தான். பாட்டில் மேகத்தையும் கடலையும் கிளியையும் பேச வைப்பது உண்டே என்றால், அதற்கும் நன்னூல் வழி விட்டிருக்கிறது: ‘கேட்குந போலவும் கிளக்குந போலவும் இயங்குந போலவும் இயற்றுந போலவும் அஃறிணை மருங்கினும் அறையப் படுமே.’ ‘போலவும்’ என்று ஒவ்வொரு இடத்திலும் போட்டிருப்பதைப் பாருங்கள். கேட்பது போல, பேசுவது போல. நிஜமாகப் பேசுவதாக ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு உடல்மொழி, கணினி மொழி, தேனீக்களின் மொழி என்றெல்லாம் எழுதுகிறோம். அவை அண்மைக் காலத்தில் நீண்ட பொருள்கள். தவறில்லை, சொல்லுக்கு அந்த நீட்சி தாங்கும்.

தொழில்காரர்களின் மறைபேச்சையும் மொழி என்று சொல்லாமல் குழூஉக்குறி என்று தனியாக வைத்தார்கள். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள் என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். உள்ளே போனால் மனிதனை எல்லாவற்றையும் சொல்ல வைத்துவிடுகிறது என்று பெயர் வைத்த அந்த வேடனைப் புலவர் பட்டியலில் சேர்த்திருக்கலாம்.

பாஷை என்று எழுதலாமா என்றும் உங்கள் கேள்விக்குள் ஒரு தயக்கம் இருப்பது தெரிகிறது. பேச்சை அப்படியே எழுதும் இடத்தில் தாராளமாக எழுதுங்கள்; அப்பத்தா வாயில் மொழியைத் திணித்தால் அது அப்பத்தா பேச்சாக இருக்காது. மகிபாலன்பட்டிப் பண்டிதமணி கதிரேசன் செட்டியார் வடமொழி நாடகத்தை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழாக்கியவர். 1909-இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். இரண்டு மொழியும் கரைகண்டவருக்கு ஒன்றை வளர்க்க இன்னொன்றை விரட்ட வேண்டிய தேவை வரவில்லை. கட்டுரை, விண்ணப்பம், அழைப்பிதழ் என்றால் மொழி என்றே எழுதுங்கள், அதுதான் இன்றைய வழக்கு. தேர்வுத்தாளில் பிள்ளை ‘தொடர்மொழி’ என்பதற்கு ‘தொடர்ந்து பேசும் பாஷை’ என்று விடை எழுதிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் போய்விடும்.